கையெழுத்துக்கு முன் ஒரு தாள்

இதயக் குழாய்களைப் படமெடுக்கும் கேத் லேப் வாசலில் அன்றாடம் நடக்கிற காட்சி இது. உள்ளே மேசையில் படுத்திருப்பவருக்கு அறுபது வயதுக்கு மேல். மாடிப்படி ஏறினால் நெஞ்சு இறுக்குகிறது, உட்கார்ந்தால் விட்டுவிடுகிறது. ஆறு மாதமாக இப்படித்தான். ஆஞ்சியோ எடுத்து முடித்த கையோடு, வெளியே காத்திருக்கும் மகனைக் கூப்பிட்டுத் திரையைக் காட்டுகிறார்கள். "இந்த எடத்துல எண்பது பர்சென்ட் அடைப்பு. இப்பவே ஸ்டென்ட் வெச்சிடலாமா? இல்லேன்னா இன்னொரு தடவை வரணும்."

மகன் திரையைப் பார்க்கிறான். கறுப்பு வெள்ளையில் ஏதோ ஒரு நரம்பு நெளிகிறது. அவனுக்குக் கேட்கத் தெரிந்தது ஒரே கேள்விதான். "உங்க அப்பாவா இருந்தா என்ன சார் செய்வீங்க?"

பதில் வருகிறது, படிவம் வருகிறது, கையெழுத்து விழுகிறது. எல்லாம் சேர்த்து ஐந்து நிமிடம். அந்த ஐந்து நிமிடத்தில் கெட்ட எண்ணம் கொண்டவர் என்று யாரும் இல்லை. மருத்துவர் தனக்குத் தெரிந்த நல்லதைச் சொன்னார். மகன் அப்பாவைக் காப்பாற்ற நினைத்தான். ஆனால் அப்பாவிடம் ஒருவரும் எதுவும் கேட்கவில்லை. வாரத்துக்கு எத்தனை முறை வலி வருகிறது, அந்த வலியால் எதை விட்டுக்கொடுத்திருக்கிறார், மாத்திரையைக் கூட்டிப் பார்க்கச் சம்மதமா, ஸ்டென்ட் வைத்தால் எது மாறும் என்று நம்புகிறார்? கடைசிக் கேள்வி மிக முக்கியமானது. அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்து மருத்துவமனை ஒன்றில், திட்டமிட்ட ஆஞ்சியோவுக்கு வந்திருந்தவர்களிடம் இதைக் கேட்டுப் பார்த்து 2010-ல் முடிவை வெளியிட்டார்கள். 88 சதவீதம் பேர், ஸ்டென்ட் வைத்தால் மாரடைப்பு வராது அல்லது வரும் வாய்ப்பு குறையும் என்று நம்பியிருந்தார்கள். அவர்களுடைய இதய மருத்துவர்களில் பெரும்பாலானோர் அப்படி நம்பவில்லை. வலி குறையும் என்பதுதான் அவர்கள் எதிர்பார்த்த பலன். ஒரே அறையில், ஒரே சிகிச்சையைப் பற்றி, இரண்டு பேர் இரண்டு வேறு காரியங்களுக்குச் சம்மதித்திருக்கிறார்கள்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்லிவிட வேண்டும். மாரடைப்பு வந்துகொண்டிருக்கும் நேரத்தில் இந்தப் பேச்சுக்கு இடமே இல்லை. அப்போது ஸ்டென்ட் உயிரைக் காக்கிறது. ஒவ்வொரு நிமிடமும் இதயத் தசை செத்துக்கொண்டிருக்கும். நெஞ்சுவலி திடீரென்று வந்தால், ஓய்வெடுத்தும் அடங்காவிட்டால், ஆம்புலன்ஸைக் கூப்பிட வேண்டும். இந்தக் கட்டுரை பேசுவது மற்றவர்களைப் பற்றி: நடந்தால் வலி, நின்றால் நிவாரணம் என்று மாதக்கணக்கில் ஒரே நிலையில் இருப்பவர்கள்.

அப்படிப்பட்டவர்களுக்காகத்தான் 'இஸ்கீமியா' என்ற பெரிய ஆய்வு நடந்தது. இந்தியா உள்பட 37 நாடுகள், 5,179 நோயாளிகள். ஒரு பாதிப் பேருக்கு மருந்தோடு ஆஞ்சியோவும் தேவைப்பட்டால் ஸ்டென்ட் அல்லது பைபாஸும். மறு பாதிக்கு முதலில் மருந்து மட்டும். 2020-ல் முடிவு வெளியானது. முதல் பிரிவில் இறந்தவர்கள் 145 பேர். மருந்துப் பிரிவில் 144 பேர். மருந்தோடு தொடங்கியவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு அடுத்த சில ஆண்டுகளில் ஸ்டென்டோ பைபாஸோ தேவைப்பட்டது உண்மை. வலியில் வித்தியாசம் தெரிந்தது: தினமோ வாராவாரமோ வலியால் அவதிப்பட்டவர்களில், ஓராண்டு கழித்து வலியே இல்லை என்று சொன்னவர்கள் முதல் பிரிவில் பாதிப் பேர், மருந்துப் பிரிவில் ஐந்தில் ஒருவர். எப்போதாவது மட்டும் வலி வந்தவர்களுக்குப் பெரிய வித்தியாசம் இல்லை. இடது முக்கியத் தமனியில் அடைப்பு இருந்தவர்களையும் இதயம் மிகவும் பலவீனமானவர்களையும் இந்த ஆய்வில் சேர்க்கவில்லை. அவர்களுடைய கணக்கு வேறு.

ஆக, கேத் லேப் வாசலில் கேட்க வேண்டிய கேள்வி "உங்க அப்பாவுக்கு வலி எவ்வளவு தொந்தரவு?" என்பதுதான். அதற்கான பதில் எந்த ஆஞ்சியோ படத்திலும் தெரியாது. அப்பாவுக்குத்தான் தெரியும்.

இந்த இடத்தில்தான் ஒரு தாள் வேலை செய்கிறது. மேலைநாடுகளில் 'டெசிஷன் எய்ட்' என்கிறார்கள். தமிழில் முடிவுத் துணை என்று சொல்லிக்கொள்ளலாம். ஒரு தாளாக இருக்கலாம், சீட்டுக்கட்டு மாதிரி அட்டைகளாக இருக்கலாம், கைபேசியில் ஓடும் படமாக இருக்கலாம். நோய்க்கு முன்னால் இருக்கும் வழிகள் எவை, எதுவும் செய்யாமல் பொறுத்திருந்தால் என்ன ஆகும், ஒவ்வொரு வழியிலும் நூறு பேரில் எத்தனை பேருக்கு நன்மை, எத்தனை பேருக்குத் தீமை என்று அதில் இருக்கும். இவற்றில் உங்களுக்கு எது முக்கியம் என்ற கேள்வியும் இருக்கும். அந்தக் கேள்விதான் இதை வெறும் விளம்பரக் கையேட்டிலிருந்து பிரிக்கிறது.

இது பிறந்த கதை தொண்டைச் சதையில் தொடங்குகிறது. அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் ஜாக் வென்பெர்க் என்ற மருத்துவர் ஊர் ஊராக மருத்துவமனைக் கணக்குகளைத் திரட்டினார். ஸ்டோ என்ற ஊரில் பதினைந்து வயதுக்குள் பத்தில் ஏழு பிள்ளைகளுக்கு டான்சிலை எடுத்திருந்தார்கள். பக்கத்து ஊரான வாட்டர்பரியில் பத்தில் இரண்டு பிள்ளைகளுக்குத்தான். இரு ஊர்ப் பிள்ளைகளின் தொண்டையிலும் எந்த வித்தியாசமும் கிடையாது. வித்தியாசம் மருத்துவர்களின் பழக்கத்தில் இருந்தது. 1973-ல் 'சயின்ஸ்' இதழில் வென்பெர்க் இதை எழுதினார். பிறகு புராஸ்டேட் வீக்கத்திலும் இதையே கண்டார். அறுவை சிகிச்சை செய்தால் சிறுநீர் தடையில்லாமல் போகும், ஆனால் தாம்பத்தியத்தில் சில பாதிப்புகள் வரலாம். எது பெரிது என்று சம்பந்தப்பட்டவரைத் தவிர யாரால் சொல்ல முடியும்? அறுவை செய்துகொண்டவர், வேண்டாம் என்று பொறுத்திருந்தவர் இருவரையும் பேசவைத்துப் படமெடுத்து, மற்ற நோயாளிகளுக்குப் போட்டுக் காட்டினார்கள். 1989-ல் வென்பெர்க்கும் ஆல் மல்லி என்ற மருத்துவரும் இதற்கென்றே ஒரு அமைப்பைத் தொடங்கினார்கள்.

நம் ஊருக்கு மிகவும் பொருந்துவது, மினசோட்டா மாநிலத்தின் மேயோ கிளினிக்கில் விக்டர் மாண்டோரி என்ற சர்க்கரை நோய் மருத்துவரும் அவருடைய குழுவும் செய்த அட்டைகள். மெட்ஃபார்மின் மட்டும் போதாமல் இரண்டாவது மாத்திரை தேவைப்படும் நேரத்துக்கானவை. மருந்துக்கு ஒன்று என்று அட்டை போட்டிருந்தால் அது மருந்துக் கம்பெனியின் கையேடு மாதிரி ஆகியிருக்கும். இவர்கள் நோயாளியின் கவலைக்கு ஒன்று என்று போட்டார்கள். உடல் எடை ஒரு அட்டை. சர்க்கரை தாழ்ந்துபோவது ஒரு அட்டை. சர்க்கரை எவ்வளவு குறையும் என்பது ஒன்று. தினசரி எப்போது, எப்படிச் சாப்பிட வேண்டும் என்பது ஒன்று. குத்திப் பார்ப்பது ஒன்று. பக்கவிளைவு ஒன்று. செலவு ஒன்று. மருத்துவர் அட்டைகளை மேசையில் பரப்பிவிட்டு, "எதை முதலில் பேசலாம்?" என்று கேட்கிறார். நோயாளி ஒன்றை எடுக்கிறார்.

அந்த அட்டைகளை நம் ஆரம்ப சுகாதார நிலையத்து மேசையில் பரப்பிப் பார்க்கலாம். நாமக்கல் லாரி ஓட்டுநர் ஒருவர் எந்த அட்டையை எடுப்பார்? கிளிமெபிரைட் வகை மாத்திரை விலை குறைவு, சர்க்கரையை நன்றாகவே இறக்கும். சாப்பாடு தள்ளிப்போனால் அளவுக்கு மீறியும் இறக்கிவிடும். விடிகாலை மூன்று மணிக்கு, நாற்பது அடி வண்டியின் ஸ்டீயரிங்கைப் பிடித்திருக்கும்போது கை நடுங்கி, வியர்த்து, கண் இருட்டினால் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியும். ஓ.பி. சீட்டில் 'சர்க்கரை 240' என்று மட்டும் எழுதியிருக்கும். அவர் லாரி ஓட்டுகிறார் என்று எழுதியிருக்காது. கட்டட வேலைக்குப் போகும் பெண் வேறு அட்டையை எடுப்பார். டாபாகிளிஃப்ளோசின் வகை மாத்திரை, சர்க்கரையைச் சிறுநீரில் தள்ளுகிறது. இதயம் பலவீனமானவர்களுக்கும் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கும் உண்மையிலேயே பெரிய பாதுகாப்பு. 2020-ல் காப்புரிமை முடிந்ததால் விலையும் இறங்கியிருக்கிறது. ஆனால் சிறுநீர் அடிக்கடி போகும், பிறப்புறுப்பில் பூஞ்சை அரிப்பு வரலாம். கழிப்பறை இல்லாத சைட்டில் காலை எட்டு மணி முதல் மாலை ஆறு மணி வரை செங்கல் சுமக்கிறவருக்கு அது எப்படிப்பட்ட செய்தி என்பதை எந்த மருத்துவப் பாடநூலும் சொல்லித்தராது. கேட்காமல் எழுதிக் கொடுத்தால், அவர் மாத்திரையை வாங்குவார், நான்கு நாள் சாப்பிடுவார், நிறுத்திவிடுவார். அடுத்த முறை "ஒழுங்கா மாத்திரை போடறியா?" என்ற அதட்டலுக்குத் தலையாட்டுவார். ரமலான் நோன்பு நோற்கிறவர் எடுப்பது இன்னொரு அட்டை.

மருந்தைப் பற்றிய அறிவு மருத்துவரிடம் இருக்கிறது, அந்த மருந்தோடு வாழப்போகும் நாளைப் பற்றிய அறிவு நோயாளியிடம் இருக்கிறது. இரண்டையும் ஒரே மேசையில் வைக்கத்தான் அந்த அட்டை.

எண்களைச் சொல்லும் விதமும் இதில் சேர்த்தி. 1995 அக்டோபரில் பிரிட்டனில் ஒரு எச்சரிக்கை வெளியானது: புதிய வகைக் கருத்தடை மாத்திரைகள் இரத்தம் உறையும் ஆபத்தை இரு மடங்காக்குகின்றன. செய்தித்தாள்கள் நூறு சதவீதம் அதிகம் என்று அலறின. பெண்கள் மாத்திரையை நிறுத்தினார்கள். உண்மையில் ஏழாயிரம் பேரில் ஒருவருக்கு வந்தது, ஏழாயிரம் பேரில் இருவருக்கு வரும் என்பதுதான் அந்த இரு மடங்கு. அடுத்த ஆண்டு இங்கிலாந்திலும் வேல்ஸிலும் ஏறத்தாழ 13,000 கருக்கலைப்புகள் கூடுதலாக நடந்தன என்று கணக்கிட்டார்கள். ஜெர்மனியின் உளவியலாளர் கெர்ட் கிகரென்சர் இந்த உதாரணத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லி வருகிறார். சதவீதத்தில் சொல்லாதீர்கள், ஆட்களை எண்ணிச் சொல்லுங்கள் என்பது அவர் கட்சி. தமிழர்களுக்கு இது புதிதும் இல்லை. "ஊர்ல நூறு வீடு இருந்தா நாலு வீட்ல இருக்கு" என்றுதான் கிராமத்தில் பேசுகிறார்கள். "எண்பது பர்சென்ட் அடைப்பு" என்றால் எண்பது பர்சென்ட் சாவு என்று காதில் விழுகிறது. குழாயின் குறுகலைச் சொல்லும் எண் அது. ஆயுளைச் சொல்லும் எண் அன்று. இந்த ஒரு குழப்பத்தைத் தீர்க்கவே நூறு முகங்கள் வரைந்த ஒரு தாள் தேவை.

முகங்கள் வரைந்த தாள் வேலை செய்கிறதா? நெஞ்சுவலியோடு அவசரப் பிரிவுக்கு வந்து, முதல் பரிசோதனைகளில் மாரடைப்பு இல்லை என்று தெரிந்தவர்களிடம் அமெரிக்காவில் சோதித்தார்கள். ஆறு மருத்துவமனைகள், 898 பேர். உங்களைப் போன்ற நூறு பேரில் அடுத்த 45 நாட்களில் எத்தனை பேருக்கு இதயப் பிரச்சினை வரும் என்று புள்ளிகள் போட்ட ஒரு தாளைக் காட்டி, இங்கேயே தங்கிக் கூடுதல் பரிசோதனை செய்துகொள்கிறீர்களா, வீட்டுக்குப் போய் ஓரிரு நாளில் மருத்துவரைப் பார்க்கிறீர்களா என்று பேசினார்கள். வழக்கமான முறையில் 52 சதவீதம் பேர் தங்கினார்கள். தாளோடு பேசிய பிரிவில் 37 சதவீதம். அதனால் யாருக்கும் தீங்கு நேரவில்லை. 2016-ல் வெளியான முடிவு இது. இதுபோன்ற ஆய்வுகள் எல்லாவற்றையும் கூட்டி கனடாவின் ஒட்டாவா குழு, மருத்துவ ஆய்வுகளைத் தொகுக்கும் கோக்ரேன் அமைப்புக்காக 2024-ல் அலசியபோது, 209 ஆய்வுகள், ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட நோயாளிகள் என்று கணக்கு வந்தது. முடிவுத் துணை கிடைத்தவர்களுக்கு நோயைப் பற்றிக் கூடுதலாகத் தெரிந்திருந்தது, ஆபத்தைச் சரியாக மதிப்பிட்டார்கள், தங்களுக்கு எது முக்கியமோ அதற்குப் பொருந்திய வழியைத் தேர்ந்தெடுத்தார்கள்.

நம் நாட்டுச் சட்டம் இதைப் பற்றி என்ன சொல்கிறது? 2008 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த சமீரா கோலி வழக்கை ஒவ்வொரு மருத்துவ மாணவரும் படிக்கிறார். 44 வயதுப் பெண், அதிக உதிரப்போக்கு. பரிசோதனைக்காக மட்டும் லேப்ராஸ்கோப்பி செய்யச் சம்மதித்து மயக்க மருந்து வாங்கிக்கொண்டார். அவர் மயக்கத்தில் இருக்கும்போதே வெளியே காத்திருந்த தாயிடம் சம்மதம் வாங்கி, கர்ப்பப்பையையும் சினைப்பைகளையும் எடுத்துவிட்டார்கள். சுயநினைவோடு சம்மதம் தரக்கூடிய பெரிய பெண்ணுக்காக அவர் தாய் சம்மதிக்க முடியாது, பரிசோதனைக்குத் தந்த சம்மதம் சிகிச்சைக்குச் செல்லாது என்று நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது. மாற்று வழிகள், முக்கியமான ஆபத்துகள், சிகிச்சையை மறுத்தால் என்ன ஆகும் என்பவற்றை எல்லாம் சொல்லித்தான் சம்மதம் வாங்க வேண்டும் என்றும் வகுத்தது. நல்ல தீர்ப்பு. ஆனால் எவ்வளவு சொல்ல வேண்டும் என்ற இடத்தில் அதே தீர்ப்பு பின்வாங்கியது. நம் நோயாளிகளில் பெரும்பாலோர் ஏழைகள், எழுத்தறிவு குறைந்தவர்கள், மருத்துவச் சொற்கள் புரியாதவர்கள் என்று காரணம் காட்டி, ஒரு சராசரி மருத்துவர் எவ்வளவு சொல்வாரோ அவ்வளவு சொன்னால் போதும் என்ற பிரிட்டன் அளவுகோலை ஏற்றுக்கொண்டது.

பிரிட்டன் அந்த அளவுகோலை 2015-ல் தூக்கிப் போட்டுவிட்டது. ஸ்காட்லாந்தில் சர்க்கரை நோயுள்ள கர்ப்பிணி ஒருவருக்கு, சுகப்பிரசவத்தில் குழந்தையின் தோள் சிக்கிக்கொள்ள நூற்றுக்கு ஒன்பது முதல் பத்து வரை வாய்ப்பு இருந்தது. சொன்னால் சிசேரியன் கேட்பார் என்று மருத்துவர் சொல்லவில்லை. குழந்தை பெருமூளை வாதத்தோடு பிறந்தது. அந்த மான்ட்கோமரி வழக்கில் பிரிட்டன் உச்ச நீதிமன்றம், மருத்துவர் வழக்கமாக எவ்வளவு சொல்வார் என்பது முக்கியமில்லை, அந்த நோயாளியின் இடத்தில் இருப்பவர் எதை முக்கியமாகக் கருதுவாரோ அதைச் சொல்ல வேண்டும் என்றது. இந்தியாவில் இன்னும் மருத்துவரின் வழக்கம்தான் அளவு. படிக்காதவர்களுக்குப் புரியாது என்று சொல்லி, குறைவாகச் சொன்னால் போதும் என்று முடிப்பது தலைகீழான நியாயம். படிக்காதவர்களுக்காகத்தான் படம் போட்ட தாள் வேண்டும். 2014-ல் வெளியான ஒரு தொகுப்பாய்வு, இத்தகைய முறைகளால் கல்வியும் வசதியும் குறைந்தவர்களே மற்றவர்களைவிடக் கூடுதலாகப் பயன்பெறலாம் என்று சொன்னது. நெல்லுக்கு என்ன விலை, கந்து வட்டிக்கு எவ்வளவு, மகளுக்கு எந்த இடம் என்று ஆயுள் முழுக்கக் கணக்குப் போட்டே முடிவெடுத்த மனுஷிக்கு, தன் கர்ப்பப்பையைப் பற்றி முடிவெடுக்கத் தெரியாது என்று யார் சொன்னது?

கர்ப்பப்பை என்று சொல்லும்போது மகாராஷ்டிரத்தின் பீட் மாவட்டம் நினைவுக்கு வராமல் போகாது. கரும்பு வெட்டப் போகும் இளம் பெண்கள் பலர் கர்ப்பப்பையை எடுத்துக்கொண்டிருந்தார்கள் என்பது 2019-ல் நாடு முழுக்கச் செய்தியானது. விட்டால் புற்றுநோய் ஆகிவிடும் என்ற பயமுறுத்தல் அங்கே பலமுறை கேட்டது. தேவையில்லாத கர்ப்பப்பை அகற்றலைத் தடுக்கும் மத்திய அரசின் வழிகாட்டுதல்களை எல்லா மாநிலங்களும் பின்பற்ற வேண்டும் என்று 2023 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. வழிகாட்டுதல் மருத்துவமனைக்கு. அந்தப் பெண்ணின் கைக்கு என்ன போய்ச் சேர்ந்தது? உதிரப்போக்குக்கு மாத்திரை உண்டு, கர்ப்பப்பைக்குள் வைக்கும் ஹார்மோன் சாதனம் உண்டு, மாதவிடாய் நிற்கும் வயது நெருங்கிவிட்டால் பொறுத்திருப்பதும் ஒரு வழி என்று அவருக்குப் புரியும் மொழியில் ஒரு தாள் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும்.

மருத்துவர்களின் பதில் நியாயமானது: நேரம் எங்கே? 67 நாடுகளின் கணக்கைத் தொகுத்து 2017-ல் வந்த ஆய்வில், முதல்நிலை மருத்துவர் ஒரு நோயாளிக்குச் செலவிடும் நேரம் ஸ்வீடனில் 22 நிமிடத்துக்கு மேல், இந்தியாவில் இரண்டு நிமிடம் போல. பங்களாதேஷில் 48 விநாடி. இரண்டு நிமிடத்தில் அட்டையைப் பரப்ப முடியாது, உண்மை. ஆனால் கோக்ரேன் தொகுப்பு இன்னொன்றையும் சொல்கிறது. மருத்துவரைப் பார்க்கும்போதே தாளைப் பயன்படுத்தினால் ஒன்றரை நிமிடம் போல நேரம் கூடுகிறது. முன்கூட்டியே கொடுத்துவிட்டால், நேரம் கூடுவதே இல்லை. தாள் வரிசையில் உட்கார்ந்திருக்கும்போது கைக்கு வர வேண்டும். முடிந்தால் வீட்டுக்கே வர வேண்டும்.

அதற்கான வழி தமிழ்நாட்டில் ஏற்கெனவே போட்டாயிற்று. 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், பெண் தன்னார்வலர்கள் பிரஷர், சர்க்கரை மாத்திரைகளை வீடு தேடிக் கொண்டுபோகிறார்கள். மாத்திரை போகிற பையில் ஒரு தாளும் போகலாம். வாசிக்க முடியாதவர்களுக்கு அந்தப் பெண் வாசித்துக் காட்டுவார், ஊர்ப்பேச்சில் சொல்வார். "நீங்க லாரி ஓட்டறீங்கல்ல, இதை டாக்டர்ட்ட சொல்லுங்க" என்று தாளின் ஓரத்தில் ஒரு குறி போட்டுத் தருவார். முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் சிகிச்சைக்கு முன் அனுமதி வாங்கும் முறை இருக்கிறது. அவசரமில்லாத ஸ்டென்ட், கர்ப்பப்பை அகற்றல் போன்றவற்றுக்கு, அனுமதி கேட்கும் முன்பே நோயாளியின் கையில் தாள் போய்ச் சேர வேண்டும் என்று விதி செய்வது பெரிய காரியம் இல்லை. முதல் பிரசவம் சிசேரியன் ஆனவர்களுக்கும் ஒரு தாள் வேண்டும். தேசியக் குடும்பநல ஆய்வின் 2019-21 கணக்குப்படி தமிழ்நாட்டில் நூறு பிரசவங்களில் 45 சிசேரியன். "முதல்ல ஆபரேஷன்னா அடுத்ததும் ஆபரேஷன்தான்" என்பதை வீட்டில் வேதவாக்காக எடுத்துக்கொள்கிறார்கள். தகுந்த வசதியுள்ள மருத்துவமனையில் முயன்று பார்க்கும் தகுதியுள்ள பெண்களில் நூற்றுக்கு அறுபது முதல் எண்பது பேருக்குச் சுகப்பிரசவம் ஆகிறது. ஆயிரத்தில் ஐந்து பேருக்குப் போல பழைய தையல் பிரிந்து ஆபத்தாகிறது. இரண்டு எண்களையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்து, ஒரு பெண் வேண்டும் என்பார், இன்னொருவர் வேண்டாம் என்பார். இரண்டும் சரியான முடிவே.

விதி செய்துவிட்டால் நடந்துவிடுமா என்ற பயம் உண்டு. அந்தப் பயத்துக்கு ஆதாரமும் உண்டு. அமெரிக்க அரசின் மெடிகேர் காப்பீடு, புகைப்பவர்களுக்கான நுரையீரல் புற்றுநோய் ஸ்கேனுக்குப் பணம் தர, முடிவுத் துணையோடு பேசியிருக்க வேண்டும் என்று 2015-ல் விதித்தது. பிறகு ஆய்வாளர்கள் அப்படிப்பட்ட 14 உரையாடல்களின் ஒலிப்பதிவைக் கேட்டார்கள். ஸ்கேனைப் பற்றிய பேச்சு சராசரியாக ஒரு நிமிடத்துக்கும் குறைவு. ஒன்றில்கூட முடிவுத் துணை பயன்படுத்தப்படவில்லை. இங்கும் அது நடக்கும், கவனிக்காவிட்டால். இருக்கிற படிவங்களோடு இன்னொரு படிவம், அதிலும் ஒரு கையெழுத்து என்று ஆகிவிடும். ஆகவே அந்தத் தாளில் கையெழுத்துக்கு இடமே விடக் கூடாது. அதை மருத்துவமனைக் கோப்பில் போடாமல் நோயாளி வீட்டுக்கு எடுத்துப்போக வேண்டும். அடியில் தயாரித்தது யார், பணம் தந்தது யார், எந்த ஆண்டுத் தகவல் என்று இருக்க வேண்டும். ஸ்டென்ட் விற்பவரோ மாத்திரை விற்பவரோ தாள் தயாரிக்கக் கூடாது. அரசு மருத்துவக் கல்லூரிகள் எழுதட்டும். எழுதியதை மெதுவாக வாசிக்கும் இருபது பேரிடம் கொடுத்து, "உங்களுக்கு என்ன புரிஞ்சுது, சொல்லுங்க" என்று கேட்டுத் திருத்தட்டும்.

தாளைக் கொடுத்துவிட்டு "நீங்களே முடிவு பண்ணிக்கோங்க" என்று மருத்துவர் நழுவிக்கொள்வதும் தவறு. நள்ளிரவில் மூன்று வழிகளை அடுக்கி, எது வேண்டும் என்று கேட்டால் எந்த மகளும் தவித்துத்தான் போவாள். "எனக்கு இது நல்லதுன்னு தோணுது, ஏன்னா நீங்க இப்படிச் சொன்னீங்க" என்று சொல்லும் மருத்துவர் வேண்டும். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு "நீங்களே பார்த்துச் செய்யுங்க டாக்டர்" என்று ஒருவர் ஒப்படைத்தால், அதுவும் அவர் எடுத்த முடிவே. கேட்காமலேயே ஒப்படைத்ததாக எடுத்துக்கொள்ளும் வழக்கம்தான் மாற வேண்டும்.

தாள் வரும்வரை காத்திருக்கவும் தேவையில்லை. ஆஸ்திரேலியாவில் 2011-ல் சோதித்துப் பார்த்து, பிறகு பிரிட்டனிலும் பரவிய மூன்று கேள்விகள் இருக்கின்றன. தமிழில் அவை இப்படி இருக்கும்: எனக்கு வேற என்னென்ன வழி இருக்கு? ஒவ்வொண்ணுலயும் நல்லது என்ன, கெட்டது என்ன? என்னை மாதிரி ஆளுக்கு அது நடக்க எவ்வளவு வாய்ப்பு? இவற்றோடு நம் ஊருக்கு நான்காவது ஒன்றையும் சேர்த்துக்கொள்ளலாம்: யோசிக்க எனக்கு எத்தனை நாள் இருக்கு?

ஆஞ்சியோவுக்கு முந்தின வாரமே அந்த மகனின் கைக்குத் தாள் வந்திருந்தால், கேத் லேப் வாசலில் கேட்ட கேள்வியை அவன் வீட்டுத் திண்ணையில் அப்பாவிடமே கேட்டிருப்பான். "தெனம் பேத்திய ஸ்கூலுக்குக் கூட்டிட்டுப் போவேன், இப்ப ரெண்டு தெரு தாண்ட முடியல, ஸ்டென்ட் வெச்சிடுப்பா" என்று ஒரு அப்பா சொல்லியிருப்பார். "மாசத்துக்கு ஒரு தடவ வர்ற வலிதானே, கீழ்வீட்டுக்கு மாறிட்டா மாடி ஏறவே வேணாம், மாத்திரையக் கூட்டிப் பாப்போம்" என்று இன்னொருவர் சொல்லியிருப்பார்.